குழந்தைக்கு ஒரு நிலையான வீடு: வளர்ப்புக் குடும்பத்தினருக்கும் சமூகப் பணியாளர்களுக்குமான முழுமையான வழிகாட்டி

தமிழில் 'வளர்ப்பு மகன்', 'வளர்ப்பு மகள்' என்று சொன்னால் தத்தெடுத்த பிள்ளை என்றே நம்மில் பெரும்பாலோர் பொருள் கொள்கிறோம். சட்டம் பேசும் 'வளர்ப்புப் பராமரிப்பு' அதுவன்று. பெற்றோரால் இப்போதைக்குப் பார்த்துக்கொள்ள முடியாத ஒரு குழந்தையை, குழந்தைகளின் பராமரிப்பு, பாதுகாப்பு பற்றி முடிவெடுக்கும் சட்டப்படியான அமைப்பாகிய குழந்தைகள் நலக் குழுவின் ஆணைப்படி, ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு வேறொரு குடும்பம் தன் வீட்டில் வைத்து வளர்ப்பதே அதன் பொருள். குழந்தையின் பெயரோ இனிஷியலோ பெற்றோருடனான சட்ட உறவோ அதனால் மாறுவதில்லை. தத்தெடுப்பில் இவை அனைத்தும் மீளாத வகையில் மாறிவிடுகின்றன. இந்த வேறுபாடு புரியாமல் ஒரு குடும்பம் வளர்ப்புப் பராமரிப்புக்கு முன்வந்தால், ஒரு நாள் அந்தக் குழந்தை தன் தாயிடம் திரும்பும்போது அந்த வீடே உடைந்துபோகிறது. ஆகவே, விண்ணப்பப் படிவத்தைக் கையில் எடுப்பதற்கு முன்பே இதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்தப் பணி, 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டத்தின்கீழ் நடைபெறுகிறது. 2021இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. தத்தெடுப்பு ஒழுங்குமுறைகள் 2022இலும், வளர்ப்புப் பராமரிப்புக்கான மாதிரி வழிகாட்டு நெறிகள் 2024இலும் புதுப்பிக்கப்பட்டன. குழந்தைக்கு வீடு தேடும் வரிசை சட்டத்தின் அடிப்படைக் கோட்பாடுகளிலேயே அடங்கியிருக்கிறது. முதலில் பெற்ற குடும்பம், அடுத்து உறவினர், பிறகு வளர்ப்புக் குடும்பம் அல்லது தத்துக் குடும்பம், வேறு வழியே இல்லாதபோது மட்டும் குழந்தைகள் இல்லம் என்பதே அந்த வரிசை. நடைமுறையில் இது பல நேரங்களில் தலைகீழாக நடப்பதே என் கவலை. குழந்தை முதல் நாளே இல்லத்தில் சேர்க்கப்படுகிறது, கோப்பு அலமாரிக்குள் போகிறது, ஆண்டுகள் ஓடுகின்றன. கீழே உள்ள ஒவ்வொரு படியையும் அந்த ஆண்டுகளை எப்படி மிச்சப்படுத்துவது என்ற நோக்கிலேயே எழுதியிருக்கிறேன்.

முதல் படி: முதல் 24 மணி நேரம்

பாதுகாப்பில்லாத குழந்தை ஒன்றைப் பற்றி 1098 என்ற இலவச எண்ணுக்கு யார் வேண்டுமானாலும் தெரிவிக்கலாம். காவல் துறை, மருத்துவமனைச் செவிலியர், சமூகப் பணியாளர், ஊர்ப் பொதுமக்கள் ஆகியோர் மட்டுமின்றி, குழந்தையே நேரில் வந்தும் குழுவின் முன் நிற்கலாம். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தை குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவரப்பட வேண்டும். ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட இந்தக் குழு மாவட்டந்தோறும் இயங்குகிறது. கண்டெடுத்த குழந்தையைத் தாமே வைத்து வளர்த்துவிடலாம் என்று நல்லெண்ணத்தோடு நினைப்பவர்களும் தெரிவிக்கும் கடமையிலிருந்து விலக முடியாது.

அந்த முதல் நாளில் சமூகப் பணியாளர் செய்ய வேண்டிய ஒரு சிறிய காரியம் உண்டு. குழந்தை வரும்போது உடுத்தியிருந்த துணி, கையில் வைத்திருந்த பொருள், அதன் வாயிலிருந்து வந்த ஊர்ப் பெயர், பாட்டி பெயர், பள்ளியின் பெயர் ஆகியவற்றை அன்றே எழுதி வைக்க வேண்டும். 'ஆத்தோரம் மாரியம்மன் கோயில் இருக்கும்' என்று ஐந்து வயதுப் பிள்ளை சொன்னதை அன்று குறித்துவைத்தால், அதைக் கொண்டே பின்னர் ஒரு குடும்பத்தைக் கண்டுபிடித்துவிட முடியும். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் அந்தப் பிள்ளைக்கே அது நினைவிருக்காது.

இரண்டாம் படி: சொந்த வீட்டைத் தேடுதல்

குழந்தை முன்னிலைப்படுத்தப்பட்ட 15 நாட்களுக்குள் சமூக விசாரணை அறிக்கை முடிக்கப்பட வேண்டும் என்றும், நான்கு மாதங்களுக்குள் குழு இறுதி ஆணை பிறப்பிக்க வேண்டும் என்றும் சட்டம் காலவரை வகுத்திருக்கிறது. இந்த அறிக்கையை வைத்துத்தான் மற்ற எல்லா முடிவுகளும் எடுக்கப்படுகின்றன. 'தாய் கூலி வேலை செய்கிறார், தந்தை குடிப்பழக்கம் உடையவர், குழந்தையைப் பராமரிக்க இயலாத நிலை' என்று மூன்று வரியில் முடிந்துவிடும் அறிக்கைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தாய்க்கு அக்கா தங்கை உண்டா, தாய்மாமன் எங்கே இருக்கிறார், அப்பா வழிப் பாட்டி உயிரோடு இருக்கிறாரா, பக்கத்து வீட்டில் யாரிடம் இந்தக் குழந்தை சாப்பிட்டு வளர்ந்தது, எந்த ஆசிரியர் இதன் பெயரைச் சொன்னதும் முகம் மலர்கிறார் என்ற கேள்விகளுக்கு அந்த மூன்று வரியில் விடை கிடையாது. ஆகவே குழந்தையை நடுவில் வைத்து, இருபுறச் சொந்தங்களையும் மூன்று தலைமுறைக்கு ஒரு தாளில் வரைந்துகொண்டு, ஒவ்வொருவரையும் தேடிச் சென்று பேசுவதே சரியான முறை.

இப்படித் தேடும்போது அடிக்கடி ஒன்று வெளிப்படும்: குழந்தையைப் பிரித்தது அன்பின்மை அன்று, வறுமை. கணவனை இழந்த தாய், பள்ளி விடுதி என்று நம்பி மகனை இல்லத்தில் விட்டிருப்பார். அப்படிப்பட்ட இடத்தில் வேறு குடும்பம் தேடுவது அநீதி. அதற்குரிய மருந்து நிதி ஆதரவுத் திட்டம். குழந்தைகள் பாதுகாப்புக்கான ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தின்கீழ், ஆண்டு வருமானம் ஊரகப் பகுதியில் 72,000 ரூபாய்க்கும் பிற பகுதியில் 96,000 ரூபாய்க்கும் மிகாத குடும்பத்துக்கு, தகுதியுள்ள குழந்தைக்கென மாதம் 4,000 ரூபாய் வழங்கப்படுகிறது. கோவிட் பெருந்தொற்றில் பெற்றோரை இழந்த குழந்தைகளை வளர்க்கும் உறவினர்களுக்கு மாதம் 3,000 ரூபாய் வழங்கப்படும் என்று தமிழ்நாடு அரசு 2021இல் அறிவித்தது. 2025 செப்டம்பரில் தொடங்கிய 'அன்புக் கரங்கள்' திட்டம் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் அளிக்கிறது. பேத்தியை வளர்க்கத் தயாராக இருந்தும் பள்ளிச் செலவுக்கும் வாடகைக்கும் அஞ்சித் தயங்கும் ஒரு பாட்டிக்கு, இந்தத் தொகை கைக்கு வந்து சேரும்வரை உடனிருந்து வங்கிக் கணக்கு, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றை முடித்துக்கொடுப்பது சமூகப் பணியாளரின் வேலையே. பல குழந்தைகளுக்கு நிலையான வீடு இந்த இடத்திலேயே கிடைத்துவிடுகிறது.

மூன்றாம் படி: ஒரே நேரத்தில் இரண்டு திட்டம்

ஒவ்வொரு குழந்தைக்கும் தனிநபர் பராமரிப்புத் திட்டம் ஒன்றை எழுத வேண்டும். குழந்தையின் உடல்நலம், கல்வி, அச்சங்கள், விருப்பங்கள், குடும்ப நிலை எல்லாம் அதில் இடம்பெறும். அதில் இரண்டு பாதைகளை ஒரே சமயத்தில் எழுதிவைக்குமாறு பரிந்துரைக்கிறேன். ஒன்று, குழந்தை தாயிடம் திரும்புவதற்கு யார், எந்தத் தேதிக்குள், என்ன செய்ய வேண்டும் என்பது. மற்றொன்று, அது நடவாவிட்டால் அடுத்து எந்த வீடு என்பது. முதல் பாதை முழுமையாகத் தோற்ற பிறகே இரண்டாவதைப் பற்றி யோசிக்கத் தொடங்கினால், நான்கு வயதில் வந்த குழந்தைக்கு ஒன்பது வயதாகிவிடும். ஒன்பது வயதுக் குழந்தைக்குக் குடும்பம் கிடைப்பது எவ்வளவு அரிது என்பதை இத்துறையில் இருப்பவர்கள் அறிவார்கள்.

நான்காம் படி: வளர்ப்புக் குடும்பத்தைக் கண்டறிதல்

நல்ல உணவும் படிப்பும் இருக்கும் இல்லம் ஒன்று இருக்கும்போது குடும்பம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய ஆய்வு ஒன்று இதற்கு விடை தந்திருக்கிறது. இல்லங்களில் வளர்ந்த 136 சிறு குழந்தைகளில் பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டனர். மறு பாதியினர் வழக்கமான பராமரிப்பில் தொடர்ந்தனர். குடும்பத்துக்குச் சென்றவர்கள் அறிவு வளர்ச்சியிலும் பிணைப்பிலும் முன்னேறினர். இரண்டு வயதுக்கு முன்பே சென்றவர்களிடம் முன்னேற்றம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. முறை மாற்றி முறை ஆள் மாறும் இடத்தில், குழந்தை அழும்போது வருகிற முகம் ஒரே முகமாக இருப்பதில்லை. பராமரிப்பாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் எட்டு மணி நேரம் முடிந்ததும் அவர் வீட்டுக்குச் சென்றுதான் ஆக வேண்டும்.

நம் நாட்டு நெறிகளின்படி, ஆறு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளே பொதுவாக வளர்ப்புப் பராமரிப்புக்குக் கருதப்படுகிறார்கள். முன்பு மணமான தம்பதியருக்கு மட்டுமே வாய்ப்பு இருந்தது. 2024 நெறிகளின்படி, திருமணமாகாதவர், துணையை இழந்தவர், மணமுறிவு பெற்றவர், சட்டப்படி பிரிந்து வாழ்பவர் ஆகியோரும் 35 முதல் 60 வயதுக்குள் இருந்தால் முன்வரலாம். தனியாக வாழும் பெண் எந்தப் பாலினக் குழந்தையையும், தனியாக வாழும் ஆண் ஆண் குழந்தையை மட்டும் வளர்க்கலாம். தம்பதியராயின் குறைந்தது இரண்டாண்டு நிலையான மணவாழ்க்கை வேண்டும். மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்யலாம். தெளிவு வேண்டுவோர் தம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு நேரில் செல்வதே நல்லது. அங்கு நிறுவனம் சாராப் பராமரிப்புக்கான, அதாவது இல்லத்துக்கு வெளியே குடும்பங்களில் குழந்தைகளை வளர்ப்பதற்கான, பாதுகாப்பு அலுவலரைச் சந்திக்க வேண்டும்.

குடும்பத்தின் திறன், நோக்கம், குழந்தை வளர்ப்பில் முன் அனுபவம் ஆகியவற்றின் அடிப்படையில் தேர்வு நடைபெற வேண்டும் என்று சட்டத்தின் 44ஆம் பிரிவு கூறுகிறது. வீட்டாய்வுக்குச் செல்லும் பணியாளர் தரையில் பதித்த பளிங்கையும் சுவரில் மாட்டிய பெரிய தொலைக்காட்சியையும் பார்த்து மதிப்பெண் போட்டுவிடக் கூடாது. குழந்தை எங்கே படுக்கும், அதன் புத்தகப் பை எங்கே இருக்கும், இரவில் பயந்து எழுந்தால் யாரை எழுப்பும் என்று கேட்க வேண்டும். அந்த வீட்டுப் பிள்ளைகளிடம் தனியாகப் பேச வேண்டும்; தம் அறையையும் தாயின் நேரத்தையும் பங்கிட்டுக்கொள்ளப்போகிறவர்கள் அவர்கள். வீட்டு முதியவரிடமும் தனியாகப் பேச வேண்டும். 'என்ன ஆளுகளோட பிள்ளையோ' என்று ஒரு பெரியவர் தயங்கும் குரல் முதல் சந்திப்பிலேயே காதில் விழுந்துவிட்டால், அதைப் பேசித் தீர்க்கலாம். குழந்தை வந்த பிறகு அது சாப்பாட்டு நேரத்துச் சொல்லாக வெளிவந்தால் தீர்க்க முடியாது. சாதி கேட்கும் குடும்பத்தைக் கடிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கேள்வி மூன்றாம் சந்திப்பிலும் தொடர்ந்தால் அந்த வீட்டுக்குக் குழந்தையை அனுப்பக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

'ஏன் முன்வருகிறீர்கள்?' என்ற கேள்விக்குக் கிடைக்கும் விடையைக் கவனமாகக் கேட்க வேண்டும். புண்ணியம் என்பவர்கள் உண்டு. வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது என்பவர்கள் உண்டு. இறந்துபோன மகனின் இடத்தை நிரப்ப நினைப்பவர்களும் உண்டு. இவர்களில் எவரும் தீயவர் அல்லர். ஆனால் புண்ணியத்துக்காக வந்தவர் குழந்தையிடம் நன்றியை எதிர்பார்ப்பார். இறந்த மகனின் இடத்துக்கு வந்த சிறுவனால் அந்த மகனாக ஒருபோதும் ஆக முடியாது. இதை இதமாகப் பேசி, அவர்கள் துயரம் ஆறும்வரை காத்திருக்கச் சொல்வதும் உதவியே.

ஐந்தாம் படி: பொருத்தமும் இடமாற்றமும்

பொருத்தம் பார்க்கும்போது குழந்தையின் பள்ளி, பேச்சு வழக்கு, உணவு, மருத்துவத் தேவை, தாய் வந்து பார்க்கும் தூரம் ஆகியவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும். தென்காசிப் பக்கத்துப் பிள்ளையைச் சென்னையின் அடுக்குமாடியில் கொண்டுபோய் விட்டால், அது பேசும் பேச்சுக்கே சுற்றியிருப்பவர்கள் சிரிக்கக்கூடும். உடன்பிறந்தோரைப் பிரிக்கக் கூடாது; அவர்கள் ஒன்றாக இருக்க எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்பது சட்டத்திலேயே உள்ளது. பெற்றோர் இல்லாத வீட்டில் தம்பியைத் தூங்க வைத்த அக்காவிடமிருந்து அந்தத் தம்பியையும் பிரிப்பதைவிடப் பெரிய இழப்பை அவளுக்கு நம்மால் தர இயலாது.

இடமாற்றம் ஒரே நாளில் நடக்கக் கூடாது. முதலில் வளர்ப்புப் பெற்றோரின் புகைப்படத்தையும் வீட்டின் படத்தையும் குழந்தையிடம் காட்டுங்கள். பிறகு இல்லத்திலோ பூங்காவிலோ ஒரு மணி நேரச் சந்திப்பு, அடுத்த வாரம் வீட்டில் ஒரு பகல், அதற்கடுத்து ஓர் இரவு என்று படிப்படியாக நீட்டுங்கள். ஒவ்வொரு முறையும் குழந்தையிடம் எப்படி இருந்தது என்று கேட்டு, அது சொல்வதைச் சொன்னபடியே எழுதுங்கள். புறப்படும் நாளில் அதன் பொருள்களைக் குப்பைக்கூடைக்குப் போடும் கறுப்புப் பிளாஸ்டிக் உறையில் கட்டிக் கொடுக்கும் வழக்கத்தை நாம் நிறுத்தியே ஆக வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு சிறுவன், தன் ஊர் ஜவுளிக் கடைப் பெயர் பொறித்த மஞ்சள் பை ஒன்றோடு வளர்ப்பு வீட்டுக்கு வந்தான். அதற்குள் ஒரு சட்டை, ஒரு பம்பரம், தாயின் பழைய கைக்குட்டை ஆகியவை இருந்தன. பீரோவில் வைக்கலாம் என்று எவ்வளவு சொல்லியும் கேளாமல், மூன்று மாதம் அதைக் கட்டில் காலில் மாட்டியே வைத்திருந்தான். அந்த வீட்டுப் பெண்மணி அதைத் தொடவில்லை, துவைக்கவும் இல்லை. நான்காம் மாதம் அவனே எடுத்துக்கொண்டு போய் அலமாரியில் வைத்தான்.

ஆறாம் படி: வளர்ப்பு வீட்டில் அன்றாடம்

முதல் சில வாரங்கள் குழந்தை மிக நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும். சொன்னதைக் கேட்கும், தட்டைத் தானே கழுவும், எதையும் கேட்காது. பிறகு ஒரு நாள் தட்டு பறக்கும், பொய் வரும், படுக்கை நனையும். 'நன்றாகத்தானே இருந்தாய்' என்று பலர் மனமுடைந்து பேசுவது இந்தக் கட்டத்தில்தான். உண்மையில், இந்த வீட்டிலிருந்தும் நம்மை அனுப்பிவிடுவார்களா என்று அந்தக் குழந்தை சோதித்துப் பார்க்கிறது. அதன் கேள்விக்கு வளர்ப்புப் பெற்றோர் அன்றாட நடத்தையாலேயே விடை சொல்ல வேண்டியிருக்கிறது. கோபத்தில்கூட 'இல்லத்துக்கே அனுப்பிவிடுவேன்' என்ற சொல் வாயிலிருந்து வரக் கூடாது. வந்துவிட்டால் அன்றே மன்னிப்புக் கேட்க வேண்டும்.

பசி அறிந்த குழந்தைகள் உணவை ஒளித்து வைப்பார்கள். தலையணை அடியில் காய்ந்த இட்லியும் புத்தகப் பைக்குள் சப்பாத்தியும் கிடைக்கும். அதைத் திருட்டு என்று பெயரிட்டுத் திட்டுவது பெரும் பிழை. ஒரு வளர்ப்புத் தாய் கையாண்ட வழியை எல்லோருக்கும் சொல்லி வருகிறேன். அவர் சமையலறையின் கீழ்த்தட்டில், குழந்தைக்கு எட்டும் உயரத்தில், முறுக்கும் கடலை மிட்டாயும் நிறைந்த ஒரு தகர டப்பாவை வைத்து, 'இது உன்னுடையது, எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள், யாரையும் கேட்க வேண்டாம்' என்று சொல்லி, ஒவ்வொரு இரவும் அதை நிரப்பி வைத்தார். முதலில் டப்பா தினமும் காலியானது. பிறகு பாதியானது. ஒரு நாள் அதில் எறும்பு ஏறிக் கிடந்தது. குழந்தை அதை மறந்தே போயிருந்தது. அன்றைக்குத்தான் தமக்கு நிம்மதி வந்தது என்று அவர் சொன்னார்.

வளர்ப்புப் பெற்றோரை என்ன சொல்லி அழைப்பது என்பதைக் குழந்தையே முடிவு செய்யட்டும். அத்தை, பெரியம்மா, மாமா என்று அழைக்க நம் மொழியில் வாய்ப்பு நிறையவே உண்டு. 'அம்மா என்று கூப்பிடு' என்று வற்புறுத்தினால், பெற்றவளுக்குத் துரோகம் செய்வதாகக் குழந்தை உள்ளுக்குள் வதைபடும். இனிஷியலும் அப்படியே. பள்ளிப் பதிவேட்டில் பெற்றவரின் முதலெழுத்தே இருக்க வேண்டும். வீட்டுக்காரரின் இனிஷியலைச் சேர்த்து எழுதுவது அன்பால் செய்யப்பட்டாலும் பின்னாளில் சான்றிதழ்ச் சிக்கலாக முளைக்கும். 'இது யாருடைய பிள்ளை?' என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். 'எங்கள் வீட்டுப் பிள்ளை' என்ற விடை போதும். குழந்தையின் கடந்த காலத்தை, அது எவ்வளவு துயரமானதாயினும், உறவினர் விசேஷத்தில் கதையாகச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. குழந்தையின் அடையாளத்தையும் படத்தையும் ஊடகங்களில் வெளியிடுவதைச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடை செய்கிறது.

வளர்ப்புக் குடும்பத்துக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாக மாதந்தோறும் நிதி வழங்கப்படும். கல்வி, உடல்நலம், ஊட்டம் ஆகியவற்றுக்கு அந்தக் குடும்பம் பொறுப்பேற்கிறது. மாதம் ஒரு முறை குழு சார்பில் குழந்தையின் நலன் ஆய்வு செய்யப்பட வேண்டும். அந்தச் சந்திப்பில் குழந்தையோடு வீட்டுக்காரர் இல்லாமல் தனியே பேசியாக வேண்டும். தேநீர் அருந்திவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்திட்டுத் திரும்பும் ஆய்வு, ஆய்வே அன்று.

ஏழாம் படி: பெற்றவரோடு உள்ள இழையைக் காத்தல்

குழு தடுக்காத வரையில், பெற்றோர் தம் குழந்தையைக் குறிப்பிட்ட இடைவெளியில் சந்திக்கச் சட்டம் இடமளிக்கிறது. அந்தச் சந்திப்புக்குப் பிந்தைய இரவு பெரும்பாலும் கடினமானதாக இருக்கும். குழந்தை அழும், அல்லது கல்லாய் உறையும். சந்திப்பால்தானே இந்தக் கலக்கம், நிறுத்திவிடலாம் என்று வளர்ப்புக் குடும்பம் கேட்பது இயல்பே. ஆயினும் கலக்கம் பிரிவினால் வருகிறது; சந்திப்பு அதை வெளியே கொண்டுவருகிறது. தாயிடம், 'இவனுக்கு இரவில் எந்தப் பாட்டு பாடுவீர்கள், எது பிடிக்காது' என்று வளர்ப்புத் தாய் கேட்கும் ஒரு கேள்வி அந்த இருவருக்கும் நடுவில் இருக்கும் இறுக்கத்தைத் தளர்த்தும். குழந்தை திரும்பும் நாள் வந்தால், வந்தபோது செய்ததைப் போலவே பகல், இரவு, வார இறுதி என்று படிப்படியாகத் திருப்ப வேண்டும். அதன் பிறகும் சமூகப் பணியாளர் வீட்டுக்குச் சென்று பார்த்து வர வேண்டும். நிதி ஆதரவு தேவைப்பட்டால் அதற்குள் ஏற்பாடு செய்திருக்க வேண்டும்.

எட்டாம் படி: திரும்ப வழியில்லாதபோது

பெற்றோர் இறந்துவிட்டனர், அல்லது தேடியும் கிடைக்கவில்லை, அல்லது அவர்களே குழுவின் முன் குழந்தையை ஒப்படைத்துவிட்டனர் என்றால் தத்தெடுப்புப் பாதை திறக்கிறது. ஒப்படைத்த பெற்றோருக்கு மறுபரிசீலனை செய்ய 60 நாட்கள் உண்டு. அந்த 60 நாட்களில் தாயிடம் ஒரு முறையேனும் தனியாக, அவசரப்படுத்தாமல் பேச வேண்டும். கைவிடப்பட்ட, ஆதரவற்ற குழந்தைகளைப் பொறுத்தவரை, இரண்டு வயது வரையுள்ளவர்க்கு இரண்டு மாதத்துக்குள்ளும் அதற்கு மேற்பட்டவர்க்கு நான்கு மாதத்துக்குள்ளும் தேடலை முடித்து, தத்துக்குச் சட்டப்படி தடையற்றவர் என்று குழு அறிவிக்க வேண்டும். குழுவில் குறைந்தது மூன்று உறுப்பினர்கள் சேர்ந்தே அம்முடிவை எடுக்க முடியும். தத்துக்குத் தகுதியானது என்று குழு கருதும் குழந்தையை நீண்டகால வளர்ப்புப் பராமரிப்பில் வைத்துவிடக் கூடாது என்று 44ஆம் பிரிவு சொல்வதற்குக் காரணம், நிலையான வீடு கிடைக்கக்கூடிய குழந்தை தற்காலிக வீட்டிலேயே தங்கிவிடக் கூடாது என்பதுதான்.

தத்தெடுக்க விரும்புவோர் மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின் 'கேரிங்ஸ்' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவுக்குப் பின் வீட்டாய்வு நடைபெறும். அந்த அறிக்கை மூன்றாண்டு செல்லும். முறை வரும்போது குழந்தையின் படமும் மருத்துவ, சமூக விவரங்களும் அனுப்பப்படும். 48 மணி நேரத்துக்குள் விருப்பத்தைப் பதிந்து, 30 நாட்களுக்குள் நேரில் வந்து ஏற்க வேண்டும். குழந்தைக்கும் பெற்றோருக்கும் குறைந்தது 25 வயது இடைவெளி வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைக் கேட்கும் தம்பதியரின் வயதுகளைக் கூட்டினால் 85க்கு மேற்படக் கூடாது. எட்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தையாயின் அது 110 வரை போகலாம். ஏற்ற குழந்தை முதலில் தத்துக்கு முந்தைய பராமரிப்பில் வீட்டுக்கு வரும். முன்பு நீதிமன்றம் பிறப்பித்து வந்த தத்து ஆணையை, 2022 செப்டம்பர் 1 முதல் மாவட்ட ஆட்சியரே பிறப்பிக்கிறார். அந்த ஆணையோடு குழந்தை வாரிசுரிமை உட்பட எல்லா வகையிலும் அந்த வீட்டுப் பிள்ளையாகிறது.

2024-25ஆம் நிதியாண்டில் ஆணையத்தின் வழியாக 4,515 தத்தெடுப்புகள் நடைபெற்றன. அதே வேளையில் காத்திருக்கும் பெற்றோர் முப்பதாயிரத்துக்கும் மேல். இந்த வரிசையில் பெரும்பாலோர் கேட்பது கைக்குழந்தையை. இல்லங்களில் காத்திருப்போரில் பலர் வளர்ந்த பிள்ளைகள், உடன்பிறந்தோரோடு இருப்பவர்கள், சிறப்புத் தேவை உடையவர்கள். தாலாட்டும் தொட்டிலும் குடும்பத்தின் கனவில் இருப்பது இயற்கை. ஆனாலும் பத்து வயதில் முதன்முறையாகத் தன் பெயர் எழுதிய பிறந்தநாள் கேக்கைப் பார்க்கும் பிள்ளைக்கும் ஒரு குடும்பம் தேவைப்படுகிறது என்பதைப் பதிவுக்கு வரும் ஒவ்வொருவரிடமும் நாம் பேச வேண்டும்.

காத்திருப்பு நீளும்போது குறுக்கு வழி தேடும் ஆசை வரும். 2021இல் கோவிட் இரண்டாம் அலையின்போது, 'பெற்றோரை இழந்த குழந்தைகள் தத்துக்கு உள்ளனர்' என்று வாட்ஸ்அப் செய்திகள் ஊர் முழுவதும் சுற்றின. இடைத்தரகர் வழியாகவோ மருத்துவமனை ஊழியர் வழியாகவோ குழந்தையைப் பெறுவது குற்றம். நடைமுறையை மீறிய தத்துக்கு மூன்றாண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. குழந்தையை விற்பதற்கும் வாங்குவதற்கும் தண்டனை அதைவிடக் கடுமையானது. அந்தக் குழந்தையும் மீண்டும் ஒரு முறை வீடிழக்க நேரிடும். வளர்க்க இயலாத தாய்க்குச் சட்டத்துக்கு உட்பட்ட வழி இருக்கிறது. வளர்க்க முடியாத குழந்தையை அரசின் தொட்டிலில் ஒப்படைக்க இடமளிக்கும் தொட்டில் குழந்தைத் திட்டம், சேலத்தில் 1992இல் தொடங்கப்பட்டது, அதற்காக வந்ததே.

ஒன்பதாம் படி: கைமாற்றும் நாள்

வளர்ப்புப் பராமரிப்பில் உள்ள குழந்தை தத்துக்குத் தகுதி பெற்று, வளர்ப்புக் குடும்பமே விரும்பினால், இரண்டாண்டு பராமரிப்புக்குப் பின் அவர்களே தத்தெடுக்கலாம். முன்பு இதற்கு ஐந்தாண்டு தேவைப்பட்டது. எனினும் இது தானாக நடப்பதன்று. உரிய பதிவும் ஆணையும் வேண்டும். குழந்தையின் விருப்பத்துக்கு அதன் வயதுக்கும் புரிதலுக்கும் ஏற்ப இடமளிக்க வேண்டும்.

வேறு குடும்பம் தத்தெடுக்குமானால், வளர்ப்புக் குடும்பத்துக்கு ஒரு பெரும் பணி மிச்சமிருக்கிறது. குழந்தை வந்த நாள் முதல் ஒரு கதைப் புத்தகம் தயாரித்துக் கொண்டே வர வேண்டும். முதல் பல் விழுந்த நாள், முதல் மதிப்பெண் அட்டை, பக்கத்து வீட்டு நாயின் பெயர், அம்மை போட்டபோது யார் வேப்பிலை கொண்டு வந்தார், தாய் கடைசியாகச் சந்திக்க வந்தபோது என்ன நிறச் சேலை உடுத்தியிருந்தார் என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். நாற்பது பக்க நோட்டுப் புத்தகமும் பசையும் சில படங்களும் போதும். பிறரிடம் வளரும் குழந்தைக்கு, 'நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது' என்று தொடங்கிச் சொல்ல ஆளில்லாமல் போவதே பெரிய வெற்றிடம். அந்த நோட்டு அதைச் சிறிதளவேனும் நிரப்பும். புதிய பெற்றோரிடம் அதைக் குழந்தையின் கையாலேயே கொடுக்கச் செய்யுங்கள். வளர்ப்புப் பெற்றோர் அழுவதைக் குழந்தையிடமிருந்து மறைக்க வேண்டியதில்லை. 'நீ போவதில் எங்களுக்கு வருத்தமும் உண்டு, மகிழ்ச்சியும் உண்டு' என்று சொன்னால் அது புரிந்துகொள்ளும். குழந்தை போன பிறகு வளர்ப்புப் பெற்றோருக்குச் சில மாதங்களாவது ஓய்வு வேண்டும். மறுவாரமே அடுத்த குழந்தையை அனுப்புவது அவர்களையும் இழக்கும் வழி.

பத்தாம் படி: வீடு கிடைத்த பிறகும், கிடைக்காதபோதும்

தத்தெடுப்புக்குப் பின் இரண்டாண்டுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை தொடர் ஆய்வு உண்டு. வளர்ந்த பிள்ளையைத் தத்தெடுத்தவர்கள் முதல் ஆண்டில் மிகவும் திணறுவார்கள். திணறலைச் சொன்னால் குழந்தையைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களோ என்ற அச்சத்தால் மறைப்பார்கள். ஆகவே ஆய்வுக்குச் செல்பவர், 'எல்லாம் நலமா?' என்று கேட்காமல், 'சென்ற வாரம் எந்த நாள் கடினமாக இருந்தது?' என்று கேட்டால் உண்மை வெளிவரும்.

எல்லா முயற்சிக்குப் பிறகும் சிலர் பதினெட்டு வயதில் இல்லத்தின் வாசலைத் தாண்டுகிறார்கள். 21 வயது வரை பிற்காப்பு உதவி பெற அவர்களுக்குச் சட்டத்தில் இடமுண்டு. உதவித்தொகை, தங்குமிடம், திறன் பயிற்சி ஆகியவற்றுக்கான விண்ணப்பத்தைப் பதினேழு வயதிலேயே தொடங்கிவிட வேண்டும். அவற்றோடு, அந்த இளைஞர் பொங்கலன்று போய் உட்கார்ந்து சாப்பிடக்கூடிய ஒரு வீடு எது என்பதையும் எழுதி வைக்க வேண்டும். சிறு வயதில் ஓராண்டு வளர்த்த அத்தையோ, ஒரு பழைய ஆசிரியரோ, இரண்டாம் படியில் வரைந்த அந்தத் தாளில் எங்கோ ஓரத்தில் பெயர் எழுதப்பட்ட ஒரு சித்தப்பாவோ இருக்கக்கூடும். அந்தத் தாளை எடுத்து, அவர்களை மறுபடியும் தொலைபேசியில் அழைத்துப் பார்க்க வேண்டும்.